லீக் வாங்கித் தந்த வீடு

எங்கள் வீட்டில்
காசு கொடுத்து வாங்கிய சாமான் குறைவு.
சுவர்க் கடிகாரம் எழுபத்திரண்டாம் ஆண்டு லீக்.
இஸ்திரிப் பெட்டி அதற்கடுத்த வருடத்தது.
பூப்போட்ட தேநீர்க் கோப்பைகள் ஆறும்
நாலாம் இடம் வந்த ஜோடி.
எந்தக் கடை என்று கேட்பவர்களிடம்
பின்பக்கப் பாத்தி என்பேன்.

லீக் தெரியாதவர்களுக்கு:
வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.
எங்கள் நார்தம்பர்லாந்து சுரங்க ஊர்களில்
அதை உயரமாக வளர்ப்பதில்லை.
சாண் உயரம்கூட வராத வெள்ளைத் தண்டு,
குழந்தையின் தொடைப் பருமன்.
செப்டம்பரில் கிளப் மேசைமேல் வைத்து
நாடாவால் அளப்பார்கள்.
ஒரு நூல் குறைந்தால்
குளிர்பெட்டி கம்பளியாகிவிடும்.

ஆகஸ்ட் பிறந்ததும்
கத்பர்ட் கொட்டகைக்குக் குடிபோவான்.
இரவில் வேலி தாண்டி
அடுத்தவன் லீக்கைக் கத்தியால் கீறுகிற கைகள்
எங்கள் ஊரிலும் உண்டு.
பீர், கரும்புச் சர்க்கரை, ஆட்டுப் புழுக்கை ஊறிய தண்ணீர்.
எது எத்தனை பங்கு என்று
என்னிடம்கூடச் சொன்னதில்லை.
ஒரு வருடம் பரிசாக வந்தது
இருவர் படுக்கும் மின்சாரப் போர்வை.
அவன் பக்கத்தை நான் போட்டதே இல்லை,
மின்கட்டணம் மிச்சம்.

எழுபத்தொன்பதில்
முதல் இடம்.

முதலாவது வந்தவன் முதலில் எடுக்கலாம்.
எடுப்பது மனைவி; யாரும் எழுதிவைக்காத சட்டம்.
கிளப் கூடத்தில் பரப்பியிருந்தார்கள்:
துணி துவைக்கும் மெஷின், வண்ணத் தொலைக்காட்சி,
சாய்வு நாற்காலி, கண்ணாடிப் பாத்திரங்கள்.
ஓரத்தில், சுவரோடு சாய்ந்து,
துருப்பிடிக்காத எஃகு மண்வெட்டியும் முள்கரண்டியும்,
ஆஷ் மரப் பிடி.
கத்பர்ட் அவற்றைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவன் பட்ட பாட்டை
நான் பார்த்தேன்.

இருபத்தொரு வருடம்
கரி படிந்த சட்டைகளைக் கையால் கசக்கியவள் நான்.
மெஷின் என்றேன்.
இரண்டாம் முறை கேட்டபோதும் மெஷின் என்றேன்.
கத்பர்ட் தலையாட்டினான்.
கூட்டம் கைதட்டியது.
மறுநாள் போட்டி லீக் எல்லாம்
ஒரே அண்டாவில் சூப்பாகி,
ஊரில் வயதானவர்களின் வாசல் தேடிப் போயிற்று.
முதல் பரிசு எந்தக் கிண்ணத்தில் என்று
நாக்குக்குத் தெரியாது.

மண்வெட்டி ஒன்பதாம் இடத்துக்குப் போனது.
நார்மன் ஹெட்லி.
மனைவி மெரியல் மாடிக் குடியிருப்பில்
அதை எங்கே வைப்பதென்று
மாதக்கணக்காகப் புலம்பினாள்.
நவம்பர் மழையில் போனேன்,
கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு.
ஆறும் குறையில்லாமல் இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
முள்கரண்டிக்கு மட்டும்
சர்க்கரைக் கிண்ணத்தையும் கேட்டாள்.
கொடுத்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில்
கத்பர்ட் பிடியைத் தடவினான்,
கனம் பார்த்தான்,
துடைத்து
கொட்டகை ஆணியில் மாட்டினான்.
தை போய் மாசியும் போயிற்று.
ஒட்டுப்போட்ட பழைய மண்வெட்டியால்தான் கொத்தினான்.
கேட்டால்,
நல்லது, அழுக்காகிவிடும் என்றான்.
எனாமல் குவளையில் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு
வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு வியாழன்,
மெஷின் நடுவில் நின்றுபோனது.
மூடியைத் திறந்தால்
என் தலையணை உறைகளுக்கு நடுவே
லீக்குக்குப் போர்த்துகிற சாக்குத் துணி,
பிளாஸ்டிக் பெயர்ச்சீட்டுகள் முப்பது,
வடிகட்டியில் ஒரு கைப்பிடி
நல்ல கறுப்பு மண்.

கத்தவில்லை.
கொட்டகைக்குப் போய்
ஆணியிலிருந்து மண்வெட்டியை இறக்கினேன்.
குளிர்காலம் முழுக்கக் குவிந்திருந்த
அடுப்புச் சாம்பலை, கரித்தூளை,
முற்றத்திலிருந்து அதைக்கொண்டே அள்ளிக் கொட்டினேன்.
எஃகு கறுத்தது.
நன்றாகவே அள்ளுகிறது.

வாசலில் நின்றிருந்தான் கத்பர்ட்,
கையில் என் தலையணை உறை, ஈரம் சொட்ட.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு, பிடியைக் கொஞ்சம் கீழே பிடி, தோரா,
முதுகு வலிக்காது என்றான்.