அரை ஆயுள்

ஈயக் குப்பியைக் கொண்டுவந்த யானிக்
பச்சைப்பிள்ளையைக் கிடத்துவதுபோல் வைத்துவிட்டுச் சொன்னான்:
லுத்தேசியம்.
பாரிஸின் பழைய பெயர், மிஸ்யே.
சேற்றூர் என்று அர்த்தமாம்.
இல்லை என்பாரும் உண்டாம்.

நூறு வருசத்துக்கு முன் இங்கேதான் எங்கோ
ஒரு மண்ணை நூறு நூறு தரம் கரைத்து
நூறு நூறு தரம் உறைய வைத்து
இட்டெர்பியத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததைப்
பிடித்திருக்கிறார்கள்.
வியன்னாவில் ஒருவர் நான்தான் முதலில் என்றாராம்.
பெயருக்குச் சண்டை.
உலோகம் பேசாமல் வெள்ளையாய்க் கிடந்தது.

அருமண் வரிசையில் கடைசி ஆள்.
எழுபத்தொன்றாம் இலக்கம்.
பிரெபெக்சூர் வாசலில் விடியுமுன் நின்றபோது
எனக்கும் அப்படி ஏதோ ஓர் இலக்கம்தான்.

இருபத்தெட்டு வருசம்
இந்த நகரத்துக்குள் புகப் பார்த்தேன்.
இன்று அரைமணி நேரத்தில்
சொட்டுச் சொட்டாய்
அது எனக்குள் புகுந்தது,
கட்டி எங்கே என்று விசாரித்துக்கொண்டு.

ஆறரை நாளில் பாதி குறையும்.
மீதியில் பாதி அடுத்த ஆறரை நாளில்.
முழுதாய்ப் போகாதா?
கணக்குப்படி போகாது என்று சிரித்தான் யானிக்.
கழிப்பறையில் இரண்டு தரம் தண்ணீர் விடுங்கள்.

வீட்டில் தவமலர் என் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றியிருந்தாள்.
இரண்டு மீட்டரில்
தரையில் சுண்ணக்கட்டிக் கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
கஞ்சிக் கோப்பையைத் தும்புத்தடியால் தள்ளினாள்.

இரவு
விளக்கை அணைத்துவிட்டு
என்னையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

"ஒண்டும் மினுங்கேல்லை" என்றாள்,
ஏமாந்தவள் மாதிரி.