அரை மாத்திரை

பிடித்த பாட்டு எது என்று கேட்டால்
ஆளைப் பார்த்துப் பொய் சொல்லுவேன்.
கோயில் கமிட்டிக்காரரிடம் தோடி.
தோடி எங்கே தொடங்கும் என்றே எனக்குத் தெரியாது.
ஆலை மேலாளர் அஸ்மானிடம்
அவர் இளமையின் நீளமுடி ராக் பாட்டுகள்.
அத்தை மகள் யாழரசியிடம் மட்டும்
பாட்டையே விட்டுவிட்டு
பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில்
பேஸ் கித்தார் தனியாக நடந்துபோகும்
அந்த எட்டு வினாடி என்பேன்.
அது பொய்யில்லை.

லாபிஸில், செம்பனை ஆலையின் எடைமேடை என் இடம்.
லோரி ஏறும், எண் துடிக்கும், நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
ஜாவாக்காரர் வர்டோயோ கதவைத் திறந்துவைத்தே காத்திருப்பார்.
உள்ளே டங்டுட்.
தபலா மாதிரிதான், ஆனால்
இடுப்புக்கு எண்ணெய் போட்ட தபலா.
பன்னிரண்டு டன் குலையும் அந்தத் தாளமும்
ஒன்றாகத்தான் எடைக்கு ஏறும்.
காம்புக்குக் கழிவு உண்டு. தாளத்துக்குக் கிடையாது.

ராத்திரி, தவணையில் வாங்கிய கீபோர்டு.
சொந்தமாக ஒரு மெட்டு.
ஏழு வருஷமாக அதே ஒரு மெட்டு.
வலது கை படித்தவளாக நடந்துகொள்ளும்,
இடது கை வர்டோயோவின் லோரியில் ஏறிப் போய்விடும்.
தைப்பூசம் முடிந்த வாரமென்றால் இரண்டுமே உறுமி:
வளைகோல் தோலில் இழுக்கும் அந்த முக்கலை
பிளாஸ்டிக் கட்டையில் தேடித் தேடி
விரல்நகம் உடைந்திருக்கிறது.

தம்பி இனியவன் கேட்டான்:
"நல்லாருக்குக்கா. எந்தப் படம்?"
மூன்று நாள் ரசம் ஊற்றாமல் அவனுக்குச் சோறு போட்டேன்.

பிறகொரு நாள் கைப்பேசியில் பதிந்து கேட்டால்
ஒவ்வோர் அடியின் கடைசிச் சுரமும்
அரை மாத்திரை பிந்தி வருகிறது.
பஸ்ஸை விட்டவர் போல,
ஆனால் வெட்கமே இல்லாமல் வந்து உட்காருகிறது.
"லயத்து வீட்டில் பிறந்தும் உனக்கு லயம் நிக்கலியே"
என்றான் இனியவன்.
யாரிடமிருந்து வந்தது இது?
நீளமுடிக்காரர்கள் கத்துவார்கள், பிந்தமாட்டார்கள்.
வர்டோயோவின் தபலா பிந்தினால் லோரியே கவிழும்.

எட்டரை.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஆணிக்கடை லிம் கராவோக்கே பெட்டியைப் போட்டார்.
ஹொக்கியன் சோகம். மழை, துறைமுகம், யாரோ போய்விட்டாள்.
பதினோரு வருஷமாக அதே ஆறு பாட்டு.
சுவரைத் தட்டியிருக்கிறேன், காதில் பஞ்சு வைத்திருக்கிறேன்,
நகராண்மைக்குக் கடிதம்கூட எழுதினேன்.
'தாளம் தப்பிய' என்ற சொல்
கொஞ்சம் அதிகமாகப் பட்டதால் அனுப்பவில்லை.
இசை போய்ச் சேர்ந்த பிறகு
லிம் மூச்சு வாங்கி, ஒரு வாய் பீர் குடித்து,
அரை மாத்திரை கழித்துத்தான் வருகிறார்.

ரசக் கரண்டியோடு நின்றேன்.
ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.
காசு கொடுத்து வாங்கிய கேசட்டெல்லாம்
எங்கே போயிற்று என்று கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில் என் மெட்டை
முழுச் சத்தத்தில் வாசித்தேன்.
அந்தப் பக்கம் பெட்டி நின்றது.
மறுநாளும் வாசித்தேன். அதற்கு மறுநாளும்.

வெள்ளிக்கிழமை காலை
குழாயடியில் லிம் பல் துலக்கிக்கொண்டே முனகுகிறார்.
சொல் இல்லை, வெறும் லாலா. நுரையோடு.
என் மெட்டு.
நான் பிந்திய இடத்தில்
அவர் இன்னுமோர் அரை மாத்திரை பிந்துகிறார்.
வேலைக்கு நேரமாகிவிட்டது.
செருப்பில் ஒரு காலை விட்டபடி
வருவாரா என்று நின்றேன்.
வந்தார்.
ஒரு சுரம் தப்பு.
என் சுரத்தைவிட அது நன்றாக இருந்தது.
பையில் கிடந்த எடைச்சீட்டின் பின்பக்கத்தில்
குறித்துக்கொண்டேன்.