நேராகப் போகும் யானை

காஹாங் செம்பனைத் தோட்டத்து எடைமேடை அறையில்
சதுரங்கப் பெட்டியில் ஒரு யானை குறைந்தது.
லோரி ஓட்டும் இருதயசாமியின் மேல் எனக்குச் சந்தேகம்.
கொஞ்ச நாள்
இருமல் மருந்து மூடியை யானை என்றோம்.

பிறகு கப்பலில் சமைக்கும் மச்சான் வேதநாயகம்
ஈக்வடாரிலிருந்து ஒரு கொட்டை கொண்டுவந்தான்.
கோழிமுட்டை அளவு. பழுப்புத் தோல்.
பனைதான் என்றான்.
பிஞ்சில் தண்ணீராம், அப்புறம் நுங்காம்,
மரத்திலேயே விட்டுவைத்தால் தந்தமாம்.
நம்பாமல் வாசற்படியில் அடித்தேன்.
சிமெண்டுதான் உதிர்ந்தது.

பட்டறையில் அரம் இரவல் வாங்கி
பதினொரு இரவு ராவினேன்.
வறுத்த கடலை வாசம்.
நீட்டினால் உடையும் என்று
தும்பிக்கையை நெஞ்சோடு சுருட்டிவிட்டேன்.

யானை விரட்ட வந்த பெர்ஹிலித்தான் ஜைலானி
முதல் இரவே காயை எடுத்து விளக்கில் பிடித்தான்.
சட்டப்படி கேட்கிறேன், எங்கே கிடைத்தது?
மரத்தில் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. முகர்ந்தான்.
அடியில் மிச்சமிருந்த பழுப்புத் தோலை
நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகே
கோப்பியைத் தொட்டான்.

அடுத்த வழக்கு ஆட்டத்தில்.
அவர்கள் பேச்சில் யானை மூலைக்கு மூலை போகுமாம்.
எங்கள் யானை நேராகத்தான் போகும் என்றேன்,
எதிரே நிற்பதை வெட்டிக்கொண்டு.
யாருடைய யானை சரி என்று
இரண்டு மணிவரை
ஒரு காயும் நகர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

இருபத்திரண்டாம் பிளாக்கில் ஏதோ முறிந்தது.

டார்ச் வெளிச்சத்தில்
கொம்பில்லாத பெட்டை ஒன்று
முதிர்ந்த செம்பனையை நெற்றியால் தள்ளி
மின்வேலிமேல் சாய்த்திருந்தது.
கம்பி மண்ணுக்குள். மரத்தை மிதித்து
ஒவ்வொன்றாய், ஏழு உருப்படி.
கடைசியில் ஒரு குட்டி,
ஏறத் தெரியாமல், பின்னங்காலால் தேடி.

நேராகவும் இல்லை, குறுக்காகவும் இல்லை.
கயிறு பிடித்து வரிசையில் நட்ட கன்றுகளுக்குள்
குருத்தைப் பிடுங்கித் தின்றபடி
அவை பாட்டுக்குப் போயின.

ஜைலானி வெடியைக் கொளுத்தவில்லை.
நான் ஏனென்று கேட்கவுமில்லை.
எண்பத்து மூன்று கன்று,
நான் எண்ணிச் சொன்னேன், அவன் எழுதிக்கொண்டான்.

விடிந்து முதல் லோரி எடைமேடையில் ஏற
அறை அதிர்ந்து காய்கள் உருண்டன.
மேசைக்கடியில் துழாவி எடுத்தேன்,
என் உள்ளங்கைச் சூட்டுக்கு
அது மெல்ல வெதுவெதுத்தது.
எந்தக் கட்டத்தில் நின்றது என்பது மட்டும்
இருவருக்குமே நினைவில்லை.