பச்சைக் கோட்டு, மூவாயிரம்

உலான்பாத்தரில் டிசம்பர் மாதம்
கோட்டின் ஜிப் போனால் போனதுதான்.
கையுறையோடு இழுப்போம், பல் தெறிக்கும்.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து.
இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு
டிராலி பஸ்ஸுக்கு ஓடும் பெண்ணைப் பார்த்தால்
யாருக்கோ ரகசியம் கொண்டுபோகிறாள் என்று தோன்றும்.
ஜிப் போனவள், அவ்வளவுதான்.

கணக்கியல் முதலாண்டு, விடுதியில் நான்காம் மாடி,
அறைக்கு நாலு கட்டில்.
அடுத்த கட்டில் ஒட்கெரெல்.
ஒரு குறடு, ஒரு துண்டு மெழுகுவத்தி,
செத்த கோட்டுகளிலிருந்து கழற்றிய ஜிப் தலைகள்
பிஸ்கட் டப்பா நிறைய.
எங்கே கற்றாய் என்றால்
"உடைந்ததைப் பார்த்தேன்" என்பாள்.

முதல் குளிர்காலம் முழுக்க இலவசம்.
ஆளுக்கொரு நன்றி, ஆளுக்கொரு மிட்டாய்.
பிப்ரவரியில் அவளுக்குப் பல்வலி.
நன்றியைக் காட்டினால்
பல் டாக்டர் உள்ளே விடவில்லை.

இரண்டாம் குளிர்காலம் கதவில் ஒரு தாள்:
பூட்ஸ் இரண்டாயிரம், கோட்டு மூவாயிரம்.
ஒட்டினாளே தவிர வாய் வரவில்லை.
ஒரே கெட்டிலில் உப்புத் தேநீர் குடிப்பவர்களிடம்
எப்படிக் கேட்பது?
குளியலறைக் கண்ணாடி முன் நின்று
ஒத்திகை பார்த்தது என் காதில் விழுந்தது:
"மூவாயிரம், அக்கா."
"மூவாயிரம், சிரமம் இல்லையென்றால்."
மறுபடி, சத்தமாக, வால் இல்லாமல்:
"மூவாயிரம்."

அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் பாடத்திட்டத்தில்
எத்தனை மதிப்பெண் என்று எனக்குத் தெரியாது.

பேராசிரியர் பாத்சுக் பலகையில்
தேவைக்கும் வழங்கலுக்கும் வளைகோடு வரைந்த அன்று
அவள் கடைசி பெஞ்சில்
தேர்வு அட்டவணையை வெறித்துக்கொண்டிருந்தாள்.
தேர்வுக்கு முந்தின இரவு யாரும்
ஜிப்போடு மல்லுக்கட்ட மாட்டார்கள்.
விலை ஏற்றலாமா?
ஏற்றினாள். ஒரே ஒருமுறை.
மூன்றாம் மாடி முழுவதும்
ஒரு மாதம் அவள் முகத்தில் விழிக்கவில்லை.

காப்பாளர் செவெல்மா டப்பாவைப் பறிமுதல் செய்தார்.
விடுதிக்குள் வியாபாரம் கூடாதாம்.
வெள்ளிக்கிழமை டப்பா திரும்பி வந்தது,
மேலே ஒரு ஜோடி பூட்ஸ், பெரிய அளவு.
செவெல்மா கால்தான்.
நோட்டில் "வாடகை" என்று எழுதிக்கொண்டாள்.

நான் நன்றாகப் படித்தேன்.
இப்போது வங்கியில், சிறுகடன் பிரிவு,
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம்.

போன அக்டோபரில் அந்தப் பக்கம் ஒட்கெரெல்.
சந்தையோரம் ஒரு கன்டெய்னர்,
தையல் இயந்திரம், ஒரு கரி அடுப்பு.
இவ்வளவுக்கும் கடன் வேண்டும்.
படிவத்தில் "முன் அனுபவம்" என்றொரு கட்டம்.
பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தாள்.

பெயர்களே இல்லை, பொருள்கள்தான்:
சிவப்பு பூட்ஸ், இரண்டாம் மாடி, வாரம் ஐந்நூறு.
பயணப் பை, ஆண்கள் விடுதி, பாதி ஆட்டிறைச்சியாக.
கறுப்புக் கைப்பை, அழுகிறாள், பிறகு.
நாலு குளிர்காலம்.
வந்துசேர்ந்ததெல்லாம் ஸ்கேல் வைத்து அடித்த கோடு.
அடிபடாதவை பதினொன்று.
என் மேலதிகாரி பார்ப்பது அதைத்தான்:
யார் தரவில்லை, அதற்கு இவள் என்ன செய்தாள்.

விரல் வைத்து இறங்கினேன்.
ஏழாவது வரி,
பச்சைக் கோட்டு, பக்கத்துக் கட்டில், 3000.
ஓரத்தில் பென்சிலால், வேறு வேறு தேதிகளில்:
கேட்டேன்.
கேட்டேன்.
கேட்டேன்.
அப்புறம் ஒன்று: ஜிப் இன்னும் தாங்குகிறது.

அவள் சுவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் நாற்காலி முதுகில் கோட்டு தொங்கியது.
அதேதான்.

வாராக்கடன் எத்தனை என்ற கட்டத்தை
நிரப்பும் முன் பர்ஸைத் திறந்தேன்.
ஒரே ஒரு ஐயாயிரம் துக்ரிக் தாள்.
"மீதி இருக்கட்டும்" என்றேன்.
"சில்லறை இருக்கு" என்றாள்,
வால் இல்லாமல்.
இரண்டு ஆயிரங்களை எண்ணி நகர்த்திவிட்டு
தடுப்பின் துளை வழியே கை நீட்டி
ஸ்கேல் கேட்டாள்.