மூன்று கிலோமீற்றர்

நிக்சன் கணக்குப் பார்க்கிறான், சோக்கட்டியால்,
கடைச் சீமெந்துத் தரையில்.
பரந்தனிலிருந்து ஒட்டுசுட்டான் மட்டும்
காப்பெற் றோட்டு, ஐம்பத்தைந்து.
"அதுக்குப் பிறகு?"
அதுக்குப் பிறகு மூண்டு, என்றேன்.

"மூண்டுக்காக ஆராவது
இந்தப் பல்லு ரயர் வாங்குவினமோ அக்கா?
சத்தம். டீசல் குடிக்கும்.
ஈரத் தாரில பிரேக் அடிச்சால்
கொஞ்சம் இழுத்துத்தான் நிக்கும்."

எல்லாம் உண்மை.
காடிக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன்,
நகம் முழுதாய் உள்ளே போகிறது.

கார்த்திகையில், அந்த மூன்றாவது கிலோமீற்றரில்,
மதகடிக் களி அச்சுவரை விழுங்க
பின்னால் அறுநூறு கோழிக்குஞ்சு
பெட்டிக்குள் கீச்சிட்டுக் கீச்சிட்டு
விடியப்புறம் ஒவ்வொன்றாய் ஓய்ந்ததை
அவன் சோக்கட்டி எழுதவில்லை.

நாலையும் பூட்டு, என்றேன்.

இப்போது வைகாசி.
மதகடிக் களி வெடித்துக் கல்லாய்க் கிடக்கிறது,
பள்ளிக்கூடப் பெட்டையள் சைக்கிளில் போகிறார்கள்.
முறிகண்டி தாண்டினால்
றேடியோச் செய்தி ஒரு சொல்லும் கேளாது,
நாலு ரயரும் ஊளை.
மிச்சத் தவணைக் காசும் அதே சுருதியில்.

குஞ்சுகளுக்கு மட்டும்
இந்த இரைச்சல் பிடித்திருக்கிறது போல.
மாங்குளம் வருமுன்னே
அறுநூறும் நித்திரை.