பைகளில் கிடைத்தவை

எப்படித் தொடங்குவது என்று கேட்டீர்கள், அன்செல்மோ,
மாவு அப்பிய விரலால் என் கைப்பேசியைத் தொட்டபடி.
தெரிந்ததைச் சொல்கிறேன்.
அதிகம் தெரியாது.

முதலில் நான் எழுதியது பொய்.
"வணக்கம். நான் ஒர்தென்சியா.
வாழ்க்கை பற்றிய என் எண்ணங்களை
இங்கே பகிரப் போகிறேன்."
எண்ணங்களாம்!
பதினொரு சலவை இயந்திரங்கள் சுற்றும் அறையில்
யாருக்கு எண்ணம் வரும்?
அழித்தேன். எழுதினேன். மறுபடி அழித்தேன்.
வெளியே புந்தா அரேனாஸின் காற்று,
தெருமுனையில் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து
நடந்தவர்களையெல்லாம்
ஈரத் துணிபோல உதறிக்கொண்டிருந்தது.
திரையின் வெள்ளைக் கட்டத்தில் அந்தச் சிறு கோடு
இமைத்தது, இமைத்தது,
கொடுத்த கடனைக் கேட்க வந்தவன்
வாசலை விட்டு நகராததுபோல.

அப்போதுதான் ஒரு கால்சட்டையை உதறினேன்.
பையிலிருந்து விழுந்தது
சென்டோயா நண்டின் கால்.
முழுசாக. சிவப்பாக. ஒரு முள்கூட உடையாமல்.

அதையே எழுதினேன்:
"இன்று பைகளில் கிடைத்தவை.
நண்டுக்கால் ஒன்று.
போர்வெனீர் படகுக்கு இரண்டு சீட்டு,
அதில் ஒன்று கிழிக்கப்படாதது.
ஒரு சாவி. பூட்டு எதுவெனத் தெரியவில்லை."

அவ்வளவுதான்.
தலைப்பு கேட்டது, முதல் வரியையே கொடுத்தேன்.
என் படம் கேட்டது, கொடுக்கவில்லை.
வெளியிடும் பொத்தானை அழுத்தும்போது
யாருடைய கம்பளிச் சட்டையையோ
கொதிநீரில் போட்டுவிட்டதுபோல
வயிற்றில் ஒரு பிசைவு.
உங்களுக்கும் வரும்.
வந்தாலும் அழுத்துங்கள்.

மறுநாள் பார்த்தேன்: நான்கு பேர் வாசித்திருந்தார்கள்.
நான்கும் நானே.
வீட்டிலிருந்து ஒருமுறை, கடையிலிருந்து மூன்றுமுறை.
ஒரு மாதம் இதே கதைதான்,
இப்போதே சொல்லிவிட்டேன்,
பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

ஆனாலும் செவ்வாய், வெள்ளி என்று நாள் குறித்துக்கொண்டேன்.
ஏழு பித்தான்கள். பல் டாக்டரின் விசிட்டிங் கார்டு.
"பால், ஆணி, மன்னிப்பு" என்று எழுதிய கடைப் பட்டியல்.
நான் கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை.
ஒருநாள் ஒரு எலிக்குஞ்சு,
உயிரோடு.

பிறகு, அந்தக் கடிதம்.
மருத்துவமனை முத்திரை, நான்காக மடித்தது, பாதி நனைந்தது.
படித்தேன்.
ஆம், படித்தேன், அன்செல்மோ.
எழுதியிருந்தால் ஊர் முழுக்க என்னை வாசித்திருக்கும்.
அன்று இரவு நான் எழுதியது: "ஒரு நாணயம்."
கடிதத்தை உலர்த்தி, இளஞ்சூட்டில் தேய்த்து
அதே சட்டையின் அதே பையில் வைத்தேன்.
சட்டையை வாங்கிப்போனவர்
சில்லறை சரியாக இருக்கிறதா என்று எண்ணினார்.
நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
இதை நீங்கள் கேட்கவில்லை,
ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூன் மாதம், மூன்றரை மணிக்கே இருட்டு ஆரம்பிக்கிற ஒரு நாளில்
அழுக்குத் துணியில்லாமல் ஒரு பெண் உள்ளே வந்தாள்.
நதாலெஸிலிருந்து மூன்று மணிநேரம் பஸ்ஸில் வந்தவள்.
"பூட்டு தெரியாத அந்தச் சாவி
இன்னும் இருக்கிறதா?"

டப்பாவைத் திறந்து காட்டினேன்.
உள்ளங்கையில் வைத்துப் புரட்டினாள்.
பல் ஒவ்வொன்றையும் நகத்தால் வருடினாள்.
"என்னுடையது இல்லை" என்று சிரித்தாள்.
சாவியைத் திருப்பி வைத்துவிட்டு
அடுத்த பஸ் வரும்வரை
ஐந்தாம் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து
யாருடைய போர்வையோ சுற்றுவதைப் பார்த்திருந்தாள்.
போகும்போது சொன்னாள்:
"போன வெள்ளி நீ எழுதவில்லை."

அன்றுதான் வாசகர் என்றால் யார் என்று
முதன்முதலாகப் பார்த்தேன்.
கம்பளித் தொப்பி, விரிசல் கண்ட உதடு.

சரி, உங்களுக்கு விஷயம் இல்லை என்கிறீர்களே,
இன்று காலை நாலு மணிக்கு
உங்கள் அடுப்பின் அடித்தட்டில் என்ன ஒட்டியிருந்தது?
என்னிடம் சொல்லாதீர்கள்.
சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும்.

இருங்கள்,
உங்கள் கடைப் பக்கமிருந்து ஏதோ தீய்கிற வாசனை.
ஓடுங்கள், அன்செல்மோ!
அதிலிருந்தே தொடங்கலாம்.