காவி

எதிரிகள் இருவர். இருவருக்கும் சடை.
வள்ளிமலை ஏறப் போனவர்களைப்
பொன்னையாற்றுப் பாலத்தில் மறித்து
ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள்.
களவு போனது ஒன்றரை எச்.பி. மோட்டார்;
புதரில் அகப்பட்டு
என் மேசைக்கடியில் கிடக்கிறது
சான்றுப் பொருள் ஒன்றாக,
சேறு காய்ந்து உதிர உதிர.

நான் தட்டச்சு. காட்பாடி கோர்ட்.
பதினோரு வருடமாய்
அடுத்தவர் வாயிலிருந்து விழுவதை
மூன்று பிரதி எடுப்பவன்.

கண்ட சாட்சி நகுலேஸ்வரி.
முகாமிலிருந்து சூளை வேலைக்கு வந்தவள்.
போலீஸ் எழுதிய வாக்குமூலம்:
காவி உடுத்திய இரண்டு பேர்.
"நான் அப்பிடிச் சொல்லேல்லை ஐயா.
ரெண்டு பேர், தடியில கொழுவிக்
காவிக்கொண்டு போனவை."

காவியா? என்றார் நீதிபதி.
காவிதான், என்றார் ஏட்டு, வெற்றியோடு.
'காவி உடு' வரை வந்திருந்த
என் விரல் நின்றது.

அவள் தோளைத் தட்டிக் காட்டினாள்.
முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை,
நடுவில் இல்லாத பாரம் ஆடியது.
"காவுறது. இது கூடத் தெரியாதே உங்களுக்கு?"

சாப்பாட்டு இடைவேளை.
வக்கீல்கள் அறையில் முதுகு பிய்ந்த அகராதி.
கா: ஓரெழுத்து.
தோளில் வைக்கும் தண்டு,
முனைகளில் பாரம் தொங்குவது.
நூறு பலம் நிறை.
சோலை. காப்பு.
காவல் நிலையத்துக்கும் அதே எழுத்துத்தான்;
உறவா, வெறும் பெயர்ப் பொருத்தமா
அகராதி சொல்லவில்லை.

காவு தடிதான் காவடி என்று ஒரு கட்சி.
இருக்கலாம்.
ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெருவே காவடி எடுக்கிறது;
எடுக்கிறோம், தூக்குகிறோம்,
ஒருவரும் காவுவதில்லை.
வினை எப்போது தொலைந்ததோ.
களவு என்று யாரும் புகார் தரவில்லை.

படகில் இறங்கிய அன்று
அவளிடம் இருந்தவற்றை எழுதியிருப்பார்கள்:
டிரங்குப் பெட்டி ஒன்று, சட்டி இரண்டு.
இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

'உடு'வை மட்டும் அடித்துவிட்டுச்
சுருக்கொப்பம் போட்டேன்.
காவி இருக்கட்டும்.

சாமியார்கள் விடுதலை.
மூத்தவர் தன் வேட்டியையே பார்த்தபடி
படியிறங்கினார்.
மோட்டாரை உரியவரிடம் சேர்க்க
இரண்டு காவலர், ஒரு கயிறு, ஒரு லத்தி.
லத்தி வில்லாய் வளைந்தது;
வாசற்படியில் தடார்.

"காவத் தெரியாதவை," என்றாள்
நகுலேஸ்வரி,
ஏட்டுக்குக் கேட்கும்படியாகவே,
சாட்சிப் படியை எண்ணிக்கொண்டு.